கருப்புப் பந்தைத் தவறவிட்ட கை

எங்கள் வீட்டுப் பெண்ணின் சம்பந்தம் ஒரு பந்தால் நின்றுபோனது என்று நாமக்கல்லில் பேசுகிறார்கள். பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது என்ன பந்து என்றே தெரியாது. கிரிக்கெட் என்று ஒருவன் சொன்னானாம். சம்பந்தத்தை நிறுத்தியவன் நான். என் தம்பி சென்னிமலை இல்லை, அவன் மகள் தனப்பிரியாவும் இல்லை. நடந்ததை நானே சொல்லிவிட்டால் வாய்க்கு வந்ததை அள்ளிவிடுகிறவர்களுக்கு வேலை மிச்சம்.

அந்த மேசையை நாங்கள் காசு கொடுத்து வாங்கவில்லை. பெங்களூரில் மூடிப்போன ஒரு ஓட்டலிலிருந்து எங்கள் லாரியில் மதுரைக்கு ஏற்றிய சரக்கு அது. மதுரைக்காரர் போனை எடுக்கவில்லை. பிறகு எடுத்தபோது, எனக்கு இடமில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சேந்தமங்கலம் ரோட்டில் இருக்கும் எங்கள் டயர் குடோனில் ஒரு மூலையில் இறக்கித் தார்ப்பாய் போட்டு மூடினோம். பச்சைத் துணி ஒட்டிய கல் பலகை, ஓரமெல்லாம் ரப்பர் மெத்தை, ஆறு குழிகள், யானைக்கால் போல நான்கு கால்கள். இதைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடு என்று சென்னிமலையிடம் சொன்னேன். ஆகட்டும் என்றான். அவன் ஆகட்டும் என்றால் ஆகாது.

தனப்பிரியா கோயம்புத்தூரில் படிக்கும்போது இந்த ஆட்டத்தைப் பழகியிருக்கிறாள். பூல் என்கிறார்கள். நீளமான குச்சியால் வெள்ளைப் பந்தைக் குத்தி, அது போய் மற்றப் பந்துகளைக் குழிக்குள் தள்ள வேண்டும். அவரவர் பந்துகள் எல்லாம் உள்ளே போன பிறகு, கடைசியில் கருப்புப் பந்தை யார் தள்ளுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. படிப்பை முடித்து வந்து எங்கள் டிரான்ஸ்போர்ட் ஆபீசில் உட்கார்ந்தாள். வேலையில் குறை சொல்ல முடியாது.

ஒருநாள் மதியம் குடோனுக்குள் போனேன். டயர் ஏற்ற வந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டு ஒரு பக்கமாகக் கூடி நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு பார்த்தால், எங்கள் பெண் மேசையின் மேல் குனிந்து, மோவாயைக் குச்சியில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். எதிரே வேறு பந்து எதுவும் இல்லை. ஒற்றை வெள்ளைப் பந்தை அடிக்கிறாள். அது எதிர் ஓரத்தில் மோதித் திரும்பி வருகிறது. மறுபடி அதையே அடிக்கிறாள்.

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. சுமை தூக்குகிற ஆட்கள் நின்று வேடிக்கை பார்க்கும்படி எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் எதையும் செய்ததில்லை. ஆட்களை விரட்டிவிட்டு அவளைப் பிடித்துக் கத்தினேன். அவள் குச்சியைக் கீழே வைக்கவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னாள்.

"நேரா அடிச்சா அது நேராப் போயி, திரும்ப வந்து இந்தக் குச்சி நுனியிலயே முட்டோணுமுங்க பெரியப்பா. எனக்குச் சாண் அளவு தள்ளி வருது. கைல எங்கியோ கோணல் இருக்குது."

கோணல் கையில் இல்லை, புத்தியில் இருக்கிறது என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. இப்படிப்பட்ட பிள்ளையிடம் எல்லைக்கோடு போடலாம், அடைத்துப்போட முடியாது. மதியம் ஆட்கள் சாப்பிடப் போய் ஷட்டரை இறக்கிய பிறகு மட்டும்தான் ஆட வேண்டும், எந்த ஊருக்கும் போட்டிக்குப் போகக் கூடாது, கல்யாணம் நிச்சயமாகிற அன்றோடு நிறுத்திவிட வேண்டும் என்று மூன்றையும் சொல்லிவிட்டு வந்தேன். சரிங்க பெரியப்பா என்றாள்.

குடோனுக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கண்ணை மூடும் நேரத்தில் அந்தச் சத்தம் ஆரம்பிக்கும். பார்க்கக் கூடாது என்று இருந்தவனுக்குக் கேட்காமல் இருக்க வழியில்லை. முதலில் அது ஒழுங்கில்லாத சத்தம். ஒன்று கெட்டியாக விழும், அடுத்தது சப்பென்று விழும், அதற்கடுத்தது குச்சி துணியில் இழுபடுகிற மாதிரி வரும். ஒரு சிலிண்டர் அடிக்காத இன்ஜினைக் கேட்டால் எனக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. எழுந்து போய் நிறுத்தச் சொல்லலாமா என்று பல நாள் பல்லைக் கடித்தேன்.

அவள் விடவில்லை. லாரி பாடி கட்டும் பட்டறையிலிருந்து ஒரு தூக்குக்குண்டை வாங்கி வந்து உத்தரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டாள். குனிந்து நிற்கும்போது முழங்கைக்குக் கீழே உள்ள கை அந்த நூலோடு ஒட்டி ஆட வேண்டுமாம். மேல் கை அசையவே கூடாதாம். குச்சியை இறுக்கக் கூடாது, கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடிக்க வேண்டும் என்று அவள் அப்பனுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். கோழிப்பண்ணைக்குப் பேர்போன ஊரில் அது அவனுக்குப் புரியாமல் போகுமா? பல்லை இளித்துக்கொண்டு கேட்டான். எனக்கு எரிச்சலாக இருந்தது.

மாதங்கள் போகப் போகச் சத்தம் மாறியது. குச்சி முன்னும் பின்னும் மெல்ல அசைகிற நேரம், பின்னால் போய் ஒரு மூச்சளவு நிற்கிற நேரம், பிறகு ஒரே ஒரு கெட்டியான டக். நிற்கிற அந்த மூச்சுதான் முக்கியம். ஊஞ்சல் பின்னால் போய்த் திரும்பும் முன் நிற்குமே, அதைப் போல. பந்து குழியில் விழாவிட்டால், எடுத்து அதே இடத்தில் வைத்து, விழும் வரை அதையே அடிப்பாள். கடைசியில் எல்லா டக்கும் ஒரே டக்காகிவிட்டது. அதற்காக எனக்கு அந்த ஆட்டம் பிடித்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து சம்பந்தம் வந்தது. வீரபாகு, நூல் வியாபாரம். நல்ல குலக்கூட்டம், நல்ல பேர். பையன் தர்ஷன் வியாபாரத்தைப் பார்க்கிறான். பெண் பார்க்க வந்த அன்று, பெண் பூல் ஆடும் என்று சென்னிமலை பெருமையாக உளறிவிட்டான். வீரபாகு உரக்கச் சிரித்தார். தங்கள் வீட்டு மாடியிலேயே மேசை இருக்கிறது, தர்ஷன் கிளப்பில் ஆடுகிறவன் என்றார். பிறகு, எங்கள் வீட்டு மருமகள்கள் குச்சியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போட்டிக்குப் போகிற வழக்கமில்லை, ஆனால் என் மகனை ஓர் ஆட்டம் ஜெயித்துவிட்டால் அந்தப் பெண் எங்கே போய் ஆடினாலும் நான் ஏன் என்று கேட்கமாட்டேன் என்றார். எல்லார் முன்னாலும் சொன்னார். தோற்றால் அன்றோடு ஆட்டத்தையே விட்டுவிட வேண்டும் என்றார்.

எங்கள் பெண் எப்படியும் நிறுத்தத்தான் போகிறாள், நான் சொல்லியாயிற்று என்று வாயெடுத்தேன். அதற்குள் பிரியா முந்திக்கொண்டாள்.

"ஆடறனுங்க மாமா."

அவளை முறைத்தேன். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து வெளியே வந்த சொல்லை நான் திருப்பி வாங்கியதில்லை. அதனால் சரி என்றேன்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும்போது பெண்ணை அழைத்துப்போவது எங்கள் பழக்கம் இல்லை. இந்த ஆட்டத்துக்காக அழைத்துப்போனோம். பழத்தட்டுகளோடு வாசலில் இறங்கும்போதே எனக்கு அது முள்ளாகக் குத்தியது. தட்டு மாற்றுவதற்கு முன்பே வீரபாகு என்னைச் சம்மந்தி, சம்மந்தி என்று தோளில் தட்டினார். அதுவும் குத்தியது. சாப்பாடு முடிந்து மாடி ஏறும்போது என் தம்பி மனைவி சித்ரா பிரியாவைப் படிக்கட்டு ஓரமாக நிறுத்தி ஏதோ சொன்னாள். பிரியா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். புடவையைச் சரிசெய்யச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாடியில் ஏசி போட்ட பெரிய ஹால். சோபாக்களில் அவர்களுடைய சொந்தக்காரர்கள். ஆட்டம் தொடங்கியது. தர்ஷன் பலமாக அடித்தான். ஒரு தடவை நிமிர்ந்து நின்று அடிப்பான், ஒரு தடவை படுத்துக்கொண்டு அடிப்பான். அழகாக விழுந்தால் அப்பாவைத் திரும்பிப் பார்ப்பான். அவனுடைய ஓர் அடியின் சத்தம் அடுத்த அடிக்கு இல்லை. பிரியாவின் சத்தம் நான் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்ட அதே சத்தம். அசைவு, மூச்சு, டக். வீரபாகு ஒவ்வோர் அடிக்கும் ஒன்று சொன்னார். அம்மிணி பந்தைக் குத்துதா, கோலம் போடுதா என்று ஒரு தடவை கேட்டார். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

கடைசியில் இருவருக்கும் கருப்புப் பந்து மட்டும் மிச்சம். முறை பிரியாவுடையது. வெள்ளை, கருப்பு, மூலைக் குழி மூன்றும் நூல் பிடித்தது போல ஒரே கோட்டில் நின்றன. ஆட்டம் தெரியாத எனக்கே தெரிந்தது, இது விழும். அவள் குனிந்தாள். குச்சி முன்னும் பின்னும் அசைந்தது. பின்னால் போனது.

நிற்கவில்லை. அந்த மூச்சே இல்லாமல் குச்சி முன்னால் பாய்ந்தது. முழங்கை உடம்பை விட்டு வெளியே விலகியது. கருப்புப் பந்து குழியின் முனையில் மோதி வாயிலேயே நின்றுவிட்டது.

சோபாக்களில் இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். தர்ஷன் அதைத் தட்டி உள்ளே தள்ளிவிட்டு இரண்டு கையையும் தூக்கினான். வீரபாகு கைதட்டினார். குச்சி எல்லாம் இனி எங்கள் வீட்டில் துணி காயப்போடத்தான் என்றார். மறுபடி சிரிப்பு.

பிள்ளை பயந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பிரியாவைப் பார்த்தேன். தவறிய பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குச்சியைச் சாத்திவிட்டு நின்றாள். சித்ராவைப் பார்த்தேன். பெண் தோற்றதற்குத் தாய் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வருமா? எனக்கு விளங்கிவிட்டது.

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வேண்டியது நடந்துவிட்டது. ஆட்டம் நின்றது, சம்பந்தம் நிலைத்தது. கீழே தட்டு தயாராக இருக்கிறது, வாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சென்னிமலை எழுந்துவிட்டான். என்னால் எழ முடியவில்லை.

"பிரியா," என்றேன். "அந்தப் பந்து, கை உட்டுச்சா, நீயா உட்டயா?"

சித்ரா குறுக்கே வந்தாள். "வெளையாட்டுதானுங்க மாமா. உடுங்க."

"உன்னையக் கேக்கல."

பிரியா நிமிர்ந்தாள். "நானாத்தானுங்க உட்டேன்."

சித்ரா படபடவென்று காரணம் சொல்ல ஆரம்பித்தாள். பெண் கொடுக்கிறவர்கள், கொள்கிறவர்கள் வீட்டுக்கே வந்து, அவர்கள் சொந்தபந்தம் முன்னால் மாப்பிள்ளையை ஜெயித்துவிட்டுப் போனால் அந்தப் பெண் நாளைக்கு அங்கே எப்படி வாழும் என்றாள். கொடுக்கிற கை தாழ்ந்துதான் இருக்க வேண்டும் என்று தான்தான் மகளுக்குச் சொன்னதாகவும் ஒப்புக்கொண்டாள். அவளைப் பொறுத்தவரை அது அறிவுதான். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலரும் அதையே செய்திருப்பார்கள்.

வீரபாகுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களா, எவ்வளவு புத்தியுள்ள சம்மந்தியம்மா. இதுல கோவிச்சுக்க என்னங்க இருக்குது? புள்ள இப்பவே எங்க ஊட்டுப் புள்ளயாயிருச்சு."

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க. எங்க புள்ள ஒரு வார்த்தை சொல்லுச்சு. ரெண்டும் பொய்யாப் போச்சு. பொய்க்கு மேல நான் தட்டு மாத்த மாட்டனுங்க. மறுக்கா ஆடட்டும். கை தோத்துதுன்னா சரி, இன்னியோட நிறுத்திரும். அதுக்கு நான் பொறுப்பு."

சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் மாப்பிள்ளைப் பையன் பக்கம் திரும்பினேன். அவன்மேல் எனக்கு அதுவரை கோபம் இல்லை.

"தம்பி, நீங்க ஆடறவரு. உங்களுக்கு அது தெரிஞ்சுதா?"

அவன் அப்பாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பொய் சொல்லவில்லை, அது வரைக்கும் பரவாயில்லை.

"தெரிஞ்சுதுங்க மாமா. அந்தப் பந்தை எல்லாம் அவங்க உடமாட்டாங்க."

"தெரிஞ்சும் கையத் தூக்குனீங்களா?"

"எல்லாரும் இருந்தாங்க இல்லைங்களா…"

அதற்கு மேல் அவனிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. பிரியாவிடம் கேட்டேன், இந்த இடம் உனக்கு வேண்டுமா என்று. எங்கள் வீட்டில் பெண்ணிடம் சபையில் வைத்து இப்படிக் கேட்பதில்லை. கேட்டேன்.

"ஆடி முடிச்சுட்டுச் சொல்றனுங்க பெரியப்பா," என்றாள்.

அவளே பந்துகளைப் பொறுக்கி முக்கோணச் சட்டத்துக்குள் அடுக்கினாள். சட்டத்தை எடுத்தாள். வெள்ளைப் பந்தைக் கோட்டில் வைத்துவிட்டு, முதல் அடி உங்களுடையது என்பது போலத் தர்ஷனுக்காக விலகி நின்றாள். அவன் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஆடத்தான் நினைத்தான் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. ஒரு கால் முன்னால் வந்துவிட்டது.

"தர்ஷா, குச்சிய வெய்யி," என்றார் வீரபாகு. "ஜெயிச்சவன் எதுக்குடா மறுக்கா ஆடோணும்?"

பையன் கொஞ்சம் நின்றான். பிறகு சுவரில் இருந்த சட்டத்தில் குச்சியைக் கொண்டுபோய் மாட்டினான். கோபமாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை. அப்பா சொன்னார், மாட்டினான். அவன் மாட்டி முடிக்கும் வரை பிரியா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போலாமுங்க பெரியப்பா," என்றாள்.

கீழே இறங்கி, நாங்கள் கொண்டுபோன தட்டுகளை நாங்களே எடுத்துக்கொண்டோம். வீரபாகு படிக்கட்டு வரை வந்து, ஒரு பந்துக்காக ஓர் இடத்தையே விடுகிறீர்களே, ஊர் சிரிக்காதா என்று கேட்டார். சிரிக்கட்டும் என்றேன். அவருடைய மரியாதைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வண்டி ஏறினேன். அதில் நான் குறை வைக்கமாட்டேன்.

வண்டியில் சித்ரா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இனி எந்த இடம் அமையும், யார் வருவார்கள், ஒரு விளையாட்டுப் பொருளுக்காகப் பிள்ளை வாழ்க்கையைக் கெடுத்துவிட்டீர்களே என்று மல்லூர் தாண்டும் வரை விடவில்லை. சென்னிமலை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பின்னால் இருந்து பிரியா பேசினாள். அவள் குரலில் அழுகை இல்லை. கோபம் இருந்தது. என்மேல்தான்.

"நான் அம்மா சொன்னதுக்காக மட்டும் தோக்கலீங்க. நிச்சயம் ஆனா நிறுத்தோணும்னு நீங்க சொல்லியிருக்கறீங்க. ஜெயிச்சா அவங்க உடுவாங்க, நீங்க உடமாட்டீங்க. அப்பறம் அந்தப் பந்து விழுந்தா என்ன, விழாட்டி என்னங்க?"

முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து அவளைப் பார்த்தேன். "நிறுத்துன்னு சொன்னது நான். பொய்யா அடின்னு சொன்னது நானில்ல."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க பெரியப்பா."

என்னிடம் இப்படி யாரும் பேசியதில்லை. என் பிள்ளைகள் பேசியதில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடலாம் போலிருந்தது. இவளுக்காகச் சபையில் எழுந்து நின்றேன், ஒரு நல்ல கூட்டத்தின் பகையைத் தலையில் ஏற்றிக்கொண்டேன், இவள் என்னையும் அவள் தாயையும் ஒரே தட்டில் வைக்கிறாள். ராசிபுரம் பிரிவு வரும் வரை அந்தக் கொதிப்பு அடங்கவில்லை. அடங்கவில்லை என்றாலும், அவள் சொன்னதை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பொய்யில்லாத கை இருந்தும் அதைப் பொய்யாக்குவதைத் தவிர வேறு வழியில்லாதபடி நான்கு பக்கமும் சுவர் எழுப்பிவிட்டு, ஏன் பொய்யாக அடித்தாய் என்று கேட்டால் அது என்ன நியாயம்? கேட்கத்தான் கேட்பேன். ஆனால் கேட்கிறவன் ஒரு பக்கத்துச் சுவரை இடித்துவிட்டுக் கேட்க வேண்டும்.

"சென்னிமலை," என்றேன்.

திரும்பினான்.

"இனி எந்த இடம் வந்தாலும் மொதல்ல இதச் சொல்லிப்போடு. எங்க புள்ள ஆடும். கல்யாணத்துக்கு முன்னாலயும் ஆடும், பின்னாலயும் ஆடும், போட்டிக்கும் போகும். இது பெரியவன் சொன்னதுன்னு சொல்லு. மறைச்சு எவன்கிட்டயும் பேச்செடுக்கக் கூடாது."

சித்ரா அழுகையை நிறுத்திவிட்டாள். "அப்படிச் சொன்னா எவனுங்க மாமா வருவான்?"

"வராதவன் வராம இருக்கட்டும்."

பிரியா நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கோபம் வந்திருக்கும்.